தலைவலிக்குக் காரணம் கவலையா, கரைப்பானா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

மருந்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேதியியலாளராக இருக்கிறேன். ஆட்குறைப்பில் எங்கள் பிரிவில் பாதிப்பேர் போய்விட்டார்கள். பாதுகாப்பு அதிகாரியும் ஃப்யூம் ஹூட் (ரசாயன ஆவியை இழுத்து வெளியேற்றும் பெட்டி) பராமரிப்பவரும்கூட. மிச்சமிருப்பவர்கள் இரட்டை வேலை பார்க்கிறோம். நாள் முழுக்க டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானின் வாடை. மாலையில் தலைவலி, மந்தம், ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமே இல்லை. எச்.ஆரிடம் சொன்னேன், “ஸ்ட்ரெஸ்தான், யோகா பண்ணுங்க” என்றார். மறுபடி கேட்டால் அடுத்த பட்டியலில் என் பெயர் வருமோ என்று பயம். எல்லாம் என் மனப்பிரமையா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

மனப்பிரமை இல்லை. விடுமுறையில் தணிந்து வேலைநாளில் திரும்பும் தலைவலிக்கு முதலில் வேலையிடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். டைகுளோரோமீத்தேன் உடலுக்குள் தலைவலி தரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடாக மாறும். கொழுப்பில் தங்கிய பங்கு வீட்டுக்கு வந்த பின்னும் மாறிக்கொண்டிருக்கும். அதன் வாடை மூக்குக்கு எட்டவே பெரும்பாலும் 100 பிபிஎம்முக்கு (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) மேல் தேவை. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 8 மணி நேர வேலைக்கு வைத்த வரம்போ 25. நாள் முழுக்க வாடை வருகிறதென்றால் அளந்து பார்க்காமல் யோகாவைச் சொல்வது பொறுப்பில்லாத பதில். சாதாரண நைட்ரைல் கையுறையையும் அது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

ஆள் குறைந்த கூடத்தில் ஹூட்டே அலமாரியாகிவிடும். ஹூட்டின் பின்தடுப்பில் காற்று போகும் இடுக்கைப் பாட்டில்கள் அடைத்தால் காற்று இழுபடாது. அவற்றை அகற்றுங்கள், வேலையை விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே தள்ளுங்கள், கழிவுக் கேன்களை மூடி வையுங்கள். ஹூட்டின் முகப்பில் காற்று உள்ளே போகும் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் அளவில் இருக்க வேண்டும்.

இரண்டு வாரம் குறிப்பெழுதுங்கள்: நேரம், கரைப்பான், எந்த ஹூட், தலைவலி பத்துக்கு எத்தனை, எப்போது தணிந்தது. ஷிஃப்ட் முடிந்த உடனே கார்பாக்சிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின்) ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மறுநாள் காலைக்குள் அளவு இறங்கிவிடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இதைக் காட்டாது. கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் இந்தக் கரைப்பானிலிருந்து மாற்றம் கேளுங்கள்.

மின்னஞ்சலைத் தனியாக அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து, புகாராக இல்லாமல் கேள்வியாக எழுதுங்கள்: “இந்த எண் ஹூட்டைக் கடைசியாகச் சோதித்த தேதி என்ன? இனி யார் பொறுப்பு?” பிராஜெக்ட் விவரம் எதுவும் வேண்டாம்.

மூன்று மணி விழிப்பு வேறு கணக்கு. அது வேலை பற்றிய பயம். அதற்குப் பகலிலேயே பதில் தேடுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகளின் நகலை வீட்டில் வையுங்கள். பி.எஃப். கணக்கில் சொந்தக் கைபேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாண்டு முடிந்திருந்தால் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் கிராஜுவிட்டி உண்டு. எத்தனை மாதம் சமாளிக்கலாம் என்று கணக்கிட்டு எழுதுங்கள். விழித்து இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். தூக்கம் தொடர்ந்து கெட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

கூடத்தில் தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே வெளிக்காற்றுக்குப் போங்கள். மருத்துவமனையில் கரைப்பானின் பெயரை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.