பிடிவாதமா, பல்வலியா?

பல்லைப் பார்த்தீர்களா? இரண்டு பக்கக் கடிதத்தில் மாமியார் சொன்னது, கணவர் சொன்னது, தெரபி டீச்சர் சொன்னது, யூடியூப் சொன்னது எல்லாம் இருக்கிறது. உங்கள் ஏழு வயது மகனின் வாய்க்குள் யாராவது டார்ச் அடித்துப் பார்த்ததாக ஒரு வரி இல்லை.

மூன்று வயதில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட, நாலைந்து சொற்களுக்கு மேல் பேசாத பையன். மூன்று வாரமாக முஷ்டியால் இடது தாடையில் குத்திக்கொள்கிறான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதிகம். நடுராத்திரியில் எழுந்து அழுகிறான். முறுக்கு என்றால் உயிரை விடுபவன் இப்போது தொடுவதே இல்லை. இத்தனையும் எழுதிவிட்டு, "ஆட்டிசம் முற்றுகிறதா டாக்டர், என் வளர்ப்புதான் காரணமா?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆட்டிசம் மூன்று வாரத்தில் முற்றுகிற சமாச்சாரம் இல்லையம்மா. அது இடப்பக்கம் வலப்பக்கம் பார்ப்பதும் இல்லை.

திடீரென்று தொடங்கி, ஒரே இடத்தைக் குறிவைத்து, தூக்கத்தையும் கெடுக்கிற மாற்றம் எதுவானாலும், பேசாத குழந்தையிடம் அதை வலி என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். வலி இல்லை என்று பார்த்து உறுதி செய்தபின் பிடிவாதம், கவன ஈர்ப்பு, செல்லம் என்ற விளக்கங்களுக்கு வரலாம். நடப்பதோ தலைகீழ். ஆட்டிசம் என்ற சொல் ஃபைலில் ஏறிவிட்டால், அதன்பின் குழந்தை செய்வதெல்லாம் அந்தக் கணக்கிலேயே எழுதப்படுகிறது. வீட்டார் மட்டுமா, டாக்டர்களும் இதே தப்பைச் செய்கிறார்கள். "இந்தப் பிள்ளைகள் இப்படித்தான் இருக்கும்" என்று யாராவது மருந்துச் சீட்டை நீட்டினால், "இவன் இப்படி இருந்ததில்லை, மூன்று வாரமாகத்தான்" என்று சொல்லி வீடியோவைக் காட்டுங்கள்.

இன்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பாயில் படுக்க வைத்து, தலைமாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவன் தலையை மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். கைகளை இன்னொருவர் மெதுவாகப் பிடித்துக்கொள்ளட்டும். கன்னத்தின் உள்பக்கம் விரலை விட்டு உதட்டை ஒதுக்குங்கள். பற்களுக்கு நடுவே விரலை வைத்தால் கடி நிச்சயம். கீழ்த்தாடையின் கடைசிப் பற்களில் கரும்பள்ளம், ஈறில் சிவந்த வீக்கம், வேர்ப் பக்கத்தில் சின்னக் கொப்புளம் போலச் சீழ்ப் பரு இருக்கிறதா? ஒரு பக்கப் பற்களில் மட்டும் அழுக்கு தடித்துப் படிந்திருந்தால் அதுவும் சாட்சிதான். வலிக்கிற பக்கம் மெல்லாமல் விட்டால் அங்கே படிவு சேரும். ஆறு, ஏழு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதையும் பால் பல் என்று நினைத்து "விழத்தானே போகிறது" என்று விட்டுவிடுகிறார்கள். இரவில் கூடுவதற்கும் காரணம் உண்டு: படுத்தால் தலைப் பக்கம் ரத்தம் கூடி, அழற்சி பிடித்த பல்லுக்குள் அழுத்தம் ஏறும். தெரபியில் ஒவ்வொரு சரியான பதிலுக்கும் ஒரு சாக்லேட் துண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் இருபது துண்டு என்றால் பல் என்னவாகும்? பரிசை நாளையிலிருந்தே மாற்றச் சொல்லுங்கள். சோப்புக் குமிழி ஊதுவது, ஊஞ்சலில் இரண்டு ஆட்டம், எதுவும் போதும்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் நாளை பல் டாக்டரிடம் காட்டுங்கள். காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள், காத்திருக்கும் கூட்டமே அவனை உலுக்கிவிடும். விளக்கு கண்ணில் படாமல் கறுப்புக் கண்ணாடி, டிரில் சத்தத்துக்கு ஹெட்ஃபோன் எடுத்துப் போங்கள். பல் வேலை அதிகம் என்றால் மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் முடிக்க முடியும். அரசு பல் மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

அதுவரை இரவு வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் பாட்டிலைப் படித்துவிட்டு. ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. அவன் 20 கிலோ, ஆக 300 மி.கி. 5 மி.லி.க்கு 250 மி.கி. என்று அச்சிட்ட சிரப் என்றால் 6 மி.லி.; 120 மி.கி. சிரப் என்றால் பன்னிரண்டரை மி.லி. குழந்தைகளுக்கான டிராப்ஸில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். அதைச் சிரப் என்று நினைத்துப் பன்னிரண்டரை மி.லி. ஊற்றினால் நாலு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். இரண்டு வேளைகளுக்கு நடுவே ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். கொடுத்த ஒரு மணி நேரத்தில் குத்துவது நின்றால், வலி என்பதற்கு அவனே பதில் சொல்லிவிட்டான். நிற்காவிட்டால் வலி இல்லை என்று ஆகிவிடாது. கிராம்பு எண்ணெய் வேண்டாம். வாயைப் புண்ணாக்கும், விழுங்கினால் ஈரலுக்குக் கேடு. தூங்க வைக்கச் சளி சிரப் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் வெறியைத்தான் தரும், மலச்சிக்கலையும் கூட்டும்.

மலச்சிக்கலும் வலிதான். அதைச் சொன்னதும் "தினமும் போகிறானே" என்பீர்கள். தினமும் போவது கணக்கில்லை. ஆட்டுப் புழுக்கை போலப் போகிறானா, ஜட்டியில் தண்ணியாகக் கசிகிறதா? குடலில் கட்டியாக அடைத்திருக்க, அதைச் சுற்றிக்கொண்டு நீர் மட்டும் ஒழுகும். அதைப் பேதி என்று நினைத்து நிறுத்த மருந்து கொடுப்பவர்கள் உண்டு. கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் விறைத்து நிற்பதை "ஆட்டிசப் பழக்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பிட்ட பிறகு மட்டும் அப்படி நின்றால், அவன் மலத்தை அடக்குகிறான் என்று பொருள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பால் என்பது அதிகம். அரை லிட்டருக்குள் கொண்டு வாருங்கள். ஆசனவாயில் சோப்புத் துண்டு வைக்காதீர்கள். குடலைச் சுத்தம் செய்யும் மருந்தின் அளவைக் குழந்தை நல டாக்டர் எடை பார்த்து எழுதட்டும். காதையும் அவரே கருவி வைத்துப் பார்க்கட்டும், நீங்கள் பட்ஸ் விட வேண்டாம்.

கன்னம் வீங்கிக் கண் வரை ஏறினால், காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமல் எச்சில் ஒழுகினால், நாளை வரை காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரி. தலையில் பலமாக அடித்துக்கொண்டபின் வாந்தி, அசாதாரணத் தூக்கம் என்றாலும் அப்படியே. கண் பக்கம் குத்திக்கொள்ளத் தொடங்கினால் கண் டாக்டரிடமும் காட்ட வேண்டும். திரும்பத் திரும்ப விழும் குத்தில் விழித்திரை பிய்ந்துவிடும். வெறித்துப் பார்ப்பவன் தோளைத் தட்டினாலும் திரும்பாமல் இருந்தால் வீடியோ எடுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

கை உதறுவது, ஃபேனைப் பார்த்துக்கொண்டே நிற்பது, விளம்பரத்தில் கேட்ட ஒரே சொல்லை நாள் முழுக்கச் சொல்வது, செருப்புகளை வரிசையாக அடுக்குவது: விடுங்கள். நாலு வருடமாக இருப்பவை, யாருக்கும் தொந்தரவில்லை. ஐந்து வயதில் வாங்கிக் கொடுத்த போன், மூன்று வயதில் கண்டறிந்த ஆட்டிசத்துக்குக் காரணமாக முடியாது. உங்கள் கணவரிடம் காலண்டரைக் காட்டுங்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற கதை 1998இல் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றது. ஆட்டிசத்துக்கு மருந்து என்று விற்கும் ஒட்டகப் பால் காசுக்குக் கேடு. ஆட்டிசம் போக உடலிலிருந்து உலோகம் எடுக்கிறேன் என்பவர் வாசலைக்கூட மிதிக்காதீர்கள். அந்தச் சிகிச்சையில் 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் ரத்தத்தில் கால்சியம் இறங்கி இறந்தான்.

உங்கள் வளர்ப்பா காரணம்? இந்தப் பழி உங்கள் மாமியார் கண்டுபிடித்தது அல்ல. மனநல மருத்துவர் லியோ கேனர் 1943இல் ஆட்டிசம் உள்ள பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியபோதே பெற்றோரின் பாசக் குறைவைக் குறித்துவைத்தார். பின்னால் வந்தவர்கள் அதை ஊதிப் பெருக்கி, "குளிர்பதனப் பெட்டி போன்ற தாய்" என்று பெயரே வைத்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் அதை உடைத்தார். 1977இல் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டியது. அங்கே பாசம் போதவில்லை என்று தாயைத் திட்டினார்கள், இங்கே செல்லம் கூடிவிட்டது என்று திட்டுகிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை.

தெரபி டீச்சர் சொல்லும் "கவன ஈர்ப்பு" முழுப் பொய்யென்று சொல்ல மாட்டேன், அவசரப்பட்ட தீர்ப்பு. பத்து நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: மணி என்ன, அதற்குச் சற்று முன் நடந்தது என்ன, அவன் செய்தது என்ன, நீங்கள் செய்தது என்ன. கூடவே சாப்பாடு, மலம், தூக்கம். எழுத்து நோட்டைப் பார்த்ததும் குத்தி, நோட்டை எடுத்தால் நிறுத்துகிறான் என்றால் வேலையிலிருந்து தப்புகிறான். குக்கர் விசிலுக்குக் குத்தினால் சத்தம். தனியே இருட்டில், யாரும் பார்க்காதபோது குத்தினால் யாருடைய கவனத்தை ஈர்க்கிறான்? இவை கலந்தும் வரும். வலி இல்லாத நாளில் பத்து நிமிடம் எழுதுபவன், வலிக்கிற நாளில் நோட்டைக் கண்டதுமே வெடிப்பான். வெறும் "எழுத மறுக்கிறான்" என்று பார்த்தால் பாதிதான் தெரியும். முகத்தில் குத்துவதைக் கண்டுகொள்ளாமல் விடுவது எந்த நிலையிலும் சரியல்ல. பேசாமல், திட்டாமல், கைக்கும் கன்னத்துக்கும் நடுவே சின்னத் தலையணையை நீட்டுங்கள். "போதும்" என்பதற்கு ஒரு பட அட்டையும், வலிக்கிற இடத்தைத் தொட்டுக்காட்ட ஓர் உடல் படமும் பழக்குங்கள். முதல் சில வாரம் அட்டையைக் காட்டிய நொடியே வேலையை நிறுத்த வேண்டும். அட்டையால் நடக்காதது குத்தினால் நடக்கிறது என்று கண்டுவிட்டால், அட்டையைத் தூக்கி எறிந்துவிடுவான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய ரிஸ்பெரிடோன் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஆட்டிசத்தில் வரும் கடும் எரிச்சலுக்கு அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்ற மருந்துதான். எடையை ஏற்றும், கழுத்தை இழுத்துப் பிடிக்கும், தூக்கத்தில் ஆழ்த்தும். பல்வலி உள்ள பையனையும் அது அமைதியாக்கிவிடும், பல் உள்ளே அழுகிக்கொண்டே இருக்கும்.