ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு: 19-வது லைட் டிராகூன்ஸ் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: இந்தப் பிரிட்டிஷ் குதிரைப்படை எப்போது இந்தியாவுக்கு வந்தது?

1782-இல், சென்னைக்கு. முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் திரட்டியபோது அதன் எண் 23. 1786-இல்தான் 19 ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கென்று தனிக் குதிரைப்படை இருந்தது, ஆனால் பிரிட்டிஷ் மன்னரின் படையிலிருந்து இங்கே வந்த முதல் குதிரைப்படை ரெஜிமென்ட் இதுதான். ஒன்று சொல்லிவிடுகிறேன்: எண்ணை மட்டும் நம்பித் தேடாதீர்கள். எண்கள் மாறும், கலைந்த படையின் எண்ணை வேறொரு படைக்குக் கொடுப்பார்கள்.

கேள்வி: லைட் என்றால் என்ன?

வேவு, ரோந்து, ஓடுகிற எதிரியைத் துரத்துவது. வளைந்த வாள், குட்டைத் துப்பாக்கி. கனரகக் குதிரைப்படைக்குப் பெரிய குதிரை, நேர் வாள்.

கேள்வி: 1809-இல் ஸ்பெயினில் தலவேரா போரில் இருந்த 23-வது லைட் டிராகூன்ஸ் இதுதானே?

இல்லை. அது வேறு படை.

கேள்வி: இந்தப் படைக்கு யானைச் சின்னம் எப்படி வந்தது?

அசாயே போரில். 1803 செப்டம்பர் 23, பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி மராத்தியப் படையைத் தாக்கிய நாள். அவருடைய 74-வது காலாட்படை அசாயே கிராமத்துப் பீரங்கிகளுக்கு நேராகப் போய்ச் சிக்கி, கிட்டத்தட்ட அழிந்துகொண்டிருந்தபோது மேக்ஸ்வெல் தலைமையில் 19-வதும் மதராஸ் குதிரைப்படையும் பாய்ந்து மிஞ்சியவர்களை மீட்டன. அன்றே பின்னால் நடந்த இன்னொரு பாய்ச்சலில் மேக்ஸ்வெல் இறந்தார். அந்தப் போருக்காகக் கிடைத்ததுதான் யானை.

கேள்வி: வேலூரில் என்ன செய்தார்கள்?

1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகை, சாதிக் குறிகளுக்குத் தடை, தாடிக்குக் கட்டுப்பாடு, இவையெல்லாம் சேர்ந்த கோபம். கோட்டையில் திப்புவின் மகன்கள் சிறையிருந்தார்கள், மைசூர்க் கொடியும் ஏறியது. 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டில் இருந்த 19-வது படையின் தளபதி கில்லஸ்பி, செய்தி வந்ததும் ஒரு சிறு குழுவோடு முன்னால் பாய்ந்தார். கோட்டைக்குள் உயிர் பிழைத்திருந்த பிரிட்டிஷ் 69-வது காலாட்படையினர் அவரைக் கயிற்றால் மதில்மேல் இழுத்தார்கள். அப்புறம் பீரங்கிகள் வந்து வாசலைப் பிளந்தன, குதிரைகள் உள்ளே நுழைந்தன.

கேள்வி: அப்படியென்றால் கில்லஸ்பி வீரர்தானே? நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்?

தயங்கவில்லை. அந்தச் சவாரி துணிச்சலானது. ஆனால் அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு பேரை வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டதும் அதே காலையில்தான் நடந்தது. அங்கே இருந்த அதிகாரி ஜான் பிளாக்கிஸ்டனே இதை எழுதி வைத்திருக்கிறார். முதல் பாதியை மட்டும் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: சிப்பாய்களும் வெள்ளைக்காரர்களைத் தூக்கத்தில் கொன்றார்களே?

கொன்றார்கள், மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளையும் சேர்த்து. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் பிடிபட்டவர்களை விசாரணை இல்லாமல் சுட்டதற்கு அது நியாயமாகாது.

கேள்வி: 1857-ஐ முதல் சுதந்திரப் போர் என்பது சரியா?

பெயரைப் பற்றிச் சண்டை வேண்டாம். வேலூர் அதற்கு 51 ஆண்டு முந்தியது, அதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிப்பதுதான் எனக்கு வலிக்கிறது. 2006-இல் வேலூர் எழுச்சிக்கு அஞ்சல்தலை வந்தபோது மிகவும் சந்தோஷப்பட்டேன்.

கேள்வி: தாத்தா வீட்டில் ஒரு வளைந்த வாள் இருக்கிறது, விலை?

விலை நான் சொல்வதில்லை. அருங்காட்சியகத்தில் காட்டுங்கள், அதுவரை தேய்க்காதீர்கள்.

கேள்வி: தலவேராவில் இருந்த 23-வது...

மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: 19-வது ஹுஸார்ஸ் என்ற குதிரைப்படை இதே படையா?

அதுவும் எண் குழப்பமே. அது 1858-இல் வங்காளத்தில் கம்பெனி திரட்டிய ஐரோப்பியக் குதிரைப்படையிலிருந்து வந்தது. பழைய படையின் அசாயே பெருமையைப் பின்னாளில் அதற்குக் கொடுத்தார்கள். நாம் பேசிய 19-வது, கனடாவில் அமெரிக்கர்களை எதிர்த்துப் போரிட்டு, பிறகு லான்சர்ஸ் (ஈட்டிக் குதிரைப்படை) ஆகி, 1821-இல் கலைக்கப்பட்டது.