பத்து ஏக்கர் ஆசை

கேள்வி: நகரத்தில் ஒரு சின்ன வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் கிராமப்புறத்தில் பத்து ஏக்கர் வாங்கலாம் என்கிறார் தரகர். ஓய்வு பெற இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. பாதிப் பணம் கையில் உள்ளது, மீதிக்குக் கடன். நிலம் புதிதாக உற்பத்தி ஆவதில்லையே, விலை ஏறிக்கொண்டுதானே போகும்? ஏக்கருக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம்? – ஒரு வாசகர்

பதில்: ‘நிலம் புதிதாக உற்பத்தி ஆவதில்லை’ என்ற வசனம் தரகர் சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்கும். பாலைவனமும்தான் புதிதாக உற்பத்தி ஆவதில்லை, அதை வாங்க யாரும் வரிசையில் நிற்கவில்லையே.

ஏக்கர் என்ன விலை என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் அதில் பாதி. நடுவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர் அல்லது பாதை. யோஹான் ஹைன்ரிஹ் ஃபான் தூனன் என்ற ஜெர்மானியர் 1810-ல் ஒரு பண்ணையை வாங்கி, வரவு செலவை விடாமல் எழுதிவைத்தார். அந்தக் கணக்கை வைத்து 1826-ல் அவர் சொன்னது இன்றைக்கும் பொருந்துகிறது: மண் ஒரே தரமாக இருந்தாலும் சந்தையிலிருந்து தள்ளிப் போகப் போக நிலம் தரும் வருமானம் குறையும், விளைச்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவே அதைத் தின்றுவிடும். உங்களுக்குச் சொல்லப்பட்ட மலிவு விலையில் இந்தத் தூரம் எவ்வளவு, தண்ணீர் இல்லாமை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தீர்களா?

இன்னொன்று. ஒரு நிலத்தை வாங்குவதில் அதிக லாபம் யாருக்கு? பக்கத்து நிலத்துக்காரருக்கு. அவரிடம் ஏற்கெனவே டிராக்டர் இருக்கும், கிணறு இருக்கும், அந்த மண்ணில் எது வரும் எது வராது என்பது அவருக்கு அத்துப்படி. நியாயமாக முதல் ஆளாக அவர்தான் வாங்கியிருக்க வேண்டும். அவரைத் தாண்டி, பேர் ஊர் தெரியாத உங்களிடம் அந்த நிலம் ஏன் வந்தது? அவர் கையில் அப்போது பணம் இல்லாமல் இருந்திருக்கலாம், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருக்கலாம், அல்லது உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கலாம். தரகர் இல்லாமல் தனியாகப் போய் அவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். வேறு எந்த விசாரணையிலும் இவ்வளவு கிடைக்காது.

தண்ணீருக்கு வருவோம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதன் மேல் ஒரே ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் ஒரு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். பத்து ஏக்கருக்குப் பத்து லட்சம், அதுவும் ஒரே ஒரு முறை நனைப்பதற்கு. சொட்டுநீர் போட்டால் குறையும், சரி, ஆனால் சொட்டுவதற்கும் அடியில் ஏதாவது இருக்க வேண்டுமே! அதனால் கோடையின் உச்சத்தில் போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள், அடைமழையில் போய்ப் பாதையைப் பாருங்கள். தரகர் அழைத்துப் போகும் பருவத்தில் எல்லா நிலமும் பச்சையாகத்தான் இருக்கும்.

வேலியை யாரும் கணக்கில் வைப்பதில்லை. பத்து ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு 2,640 அடி. அதே பத்து ஏக்கர் நூறு அடி அகலத்தில் நாடா மாதிரி நீண்டு கிடந்தால் 8,900 அடியைத் தாண்டும். பத்திரத்தில் இரண்டும் பத்து ஏக்கர்தான், கம்பி வாங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். வேலி போடாமல் பன்னிரண்டு வருடம் விட்டுவைக்கலாம் என்றால், ஆள் போகாத நிலத்தில் எல்லைக் கற்களுக்குக் கால் முளைக்கும். அப்புறம் அதைத் திரும்ப நட வழக்கு, வாய்தா.

விலை ஏறும் என்பதற்கு வருகிறேன். ஏறும், இறங்கவும் இறங்கும். அமெரிக்காவில் 1970-களில் தானிய ஏற்றுமதி நன்றாக இருந்தபோது விளைநிலத்தின் விலை எகிறியது, விவசாயிகளும் கடன் வாங்கி இன்னும் நிலம் சேர்த்தார்கள். வட்டி விகிதம் ஏறியதும் கதை மாறிவிட்டது. அயோவா மாநிலத்தில் 1981-லிருந்து 1986-க்குள் சராசரி விலை 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. கடன் இல்லாதவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள், பின்னால் விலை மீண்டது. கடன்காரர்களில் பலருக்கு அது வரை நிலம் கையில் இருக்கவில்லை. நீங்கள் பாதிப் பணத்துக்குக் கடன் என்று எழுதியிருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதற்கு என் கணக்கு இதுதான். அந்த வட்டாரத்தில் அதே மாதிரி நிலம் வருடத்துக்கு என்ன குத்தகைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். விலை நூறு என்றால் குத்தகை இரண்டோ மூன்றோ வருகிறது, நீங்கள் வாங்கும் கடனுக்கு வட்டி எட்டு என்று வையுங்கள். கடனாக வாங்கும் ஒவ்வொரு நூறுக்கும் வருடத்துக்கு ஐந்து ஆறு கைவிட்டுப் போகிறது, அதை விலையேற்றம் மட்டும்தான் ஈடுகட்ட வேண்டும். அதற்குப் பெயர் விவசாயம் இல்லை, பந்தயம். தெரிந்தே பந்தயம் கட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் அவசரத்துக்கு அரை ஏக்கரை மட்டும் வெட்டி விற்க ஆள் கிடைப்பது லேசு இல்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

மண்ணில் இறங்கி வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் பேச்சு வேறு. அப்படியானால் பத்து எதற்கு? கடன் இல்லாமல், கிணற்றோடு, பாதையோடு இரண்டு ஏக்கர் பாருங்கள். அதற்கும் முன்னால் அதே ஊரில் ஒரு ஏக்கரை ஒரு வருடம் குத்தகைக்கு எடுத்து வாரம் தவறாமல் போய்வாருங்கள். நாலு மாதத்திலேயே அலுத்துப்போனால் குத்தகைப் பணத்தோடு போகும். தரகர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.