அவள் ஏன் கதவைப் பார்க்கிறாள்?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. ஒன்றரை வயதுவரை 'அம்மா', 'தா' என்றெல்லாம் பேசினாள், பொம்மையை எடுத்து விளையாடினாள். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. இப்போது கைகளைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். மெக்பி2 மரபணுவில் மாற்றம், ரெட் சிண்ட்ரோம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எங்கள் இருவரின் ரத்தத்திலும் அந்த மாற்றம் இல்லையாம். "உன் வயிற்றில் வளர்ந்த பிள்ளைதானே" என்கிறார் மாமியார். கணவர் எதுவும் சொல்வதில்லை. கர்ப்பத்தில் நான் நிறைய அழுதேன், அதனாலா? யாராவது வீட்டுக்கு வந்தால் அவளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், தொந்தரவு செய்யமாட்டாள். நான் எங்கே தவறு செய்தேன்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அழுததால் வந்ததில்லை. இதை முதலில் முடித்துவிடுவோம், உங்களிடம் நான் கேட்க வேண்டியது வேறு இருக்கிறது.

நம் உடம்பில் கல்லீரலிலும் மூளையிலும் இருப்பது அதே சுமார் 20,000 மரபணுக்கள்தான். எது எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். அந்த அளவைப் பார்த்துக்கொள்வதற்கென்றே சில மரபணுக்கள் உண்டு. அறிவுத்திறன் குறைபாட்டோடு தொடர்புள்ளவற்றில் பல இந்த வகைதான், மெக்பி2-வும் அப்படித்தான். அது பிசகினால் நரம்புச் செல்களில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் வேலை செய்யும் அளவு கொஞ்சம் கூடியோ குறைந்தோ போய்விடும். பிறந்த பிறகு, நரம்புச் செல்கள் முதிர்ந்து இணைப்புகள் உறுதிப்படும் காலத்தில்தான் அதன் தேவை அதிகம். அதனால்தான் வந்த பேச்சு ஒன்றரை வயதில் போனது.

பெற்றவர்களிடம் இல்லாமல் புதிதாக வரும் இந்த மாற்றம், பெரும்பாலும் விந்தணு உருவாகும்போது டிஎன்ஏவில் தானாக நேரும் பிழை. பழியை உங்கள் கணவர்மேல் தள்ள இதை எழுதவில்லை. அந்தப் பிழையை அவரும் செய்யவில்லை. ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தன் அம்மா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அது அவர் செய்கிற தவறு. மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, அவர்தான். இன்றைக்கே சொல்லட்டும்.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். கதவைச் சாத்துவதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ரெட் உள்ள பெண் குழந்தைகளுக்குப் பேச்சு போகும், கையின் பிடி போகும். மிஞ்சுவது கண். தனக்கு வேண்டியதைப் பார்த்துப் பார்த்தே கேட்பார்கள். உங்கள் மகள் கதவைப் பார்ப்பது தொந்தரவு செய்யாமல் இருப்பதா? திறக்கச் சொல்லிக் கேட்கிறாள் அம்மா! நான்கு வயதுப் பிள்ளை தனக்கு மிச்சமிருக்கிற ஒரே வழியில் கேட்கிறாள், நீங்கள் அதைச் சமர்த்து என்கிறீர்கள். யாருக்காகச் சாத்துகிறீர்கள்? வருகிறவர் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். பிள்ளையை ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிற கௌரவம் ஒரு குடும்பத்துக்கு வேண்டவே வேண்டாம்.

2007-இல் எலிகளில் ஒரு சோதனை செய்தார்கள். நோய் முற்றிய பிறகு அந்த மரபணுவை மறுபடி இயக்கியபோது எலிகள் பெருமளவு தேறின. உங்கள் மகளுக்கும் அப்படி நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் இந்த நோயில் நரம்புச் செல்கள் செத்துப்போவதில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது. அவள் உள்ளே இருக்கிறாள்.

இன்று மாலை பொம்மையையும் பந்தையும் அவள் கண் மட்டத்தில், சற்றுத் தள்ளித் தள்ளிப் பிடித்து "எது வேணும்?" என்று கேளுங்கள். அப்புறம் வாயைத் திறக்காமல் இருபதுவரை எண்ணுங்கள். இந்தக் குழந்தைகளுக்குப் பதில் சொல்ல நேரம் பிடிக்கும். கண் எதில் நிற்கிறதோ அதைக் கொடுங்கள். கண் அசைவைக் கொண்டே பேச வைக்கிற கருவிகள் இருக்கின்றன, ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். அடுத்த குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் மரபியல் ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை யாராவது மணி அடித்தால், அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்களே போய் வாசல் கதவைத் திறங்கள்.