ஜெயிச்சா போதாதான்னு கேக்கற தம்பிக்கு என்ன சொல்றது?

கேள்வி: அன்புள்ள அக்கா, என் தம்பி நாலு வருஷமா ஜப்பான்ல நகோயா பக்கம் ஒரு மெஷின் பார்ட்ஸ் கம்பெனில டிசைன் இன்ஜினியரா இருக்கான். வேலைல அவன்தான் டாப்னு அங்க உள்ளவங்களே சொல்றாங்களாம். போன மாசம் ஆபீஸ் பார்ட்டில ஒரு சீனியரைக் கத்திட்டு கையில இருந்த கிளாஸைத் தூக்கிப் போட்டிருக்கான், கம்பெனில எச்சரிக்கைக் கடிதம் குடுத்துட்டாங்க. போன்ல பேசினா, "இங்க அசாஷோரியுன்னு ஒரு சுமோ வீரர் இருந்தாரு, மங்கோலியாக்காரர், எல்லாரையும் ஜெயிச்சாரு, வெளிநாட்டுக்காரர்னு துரத்திட்டாங்க, நாளைக்கு என்னையும் அப்படித்தான்" அப்படிங்கறான். அவன் சொல்றது நிஜமா? நிஜம்னா அவனுக்கு நான் என்னன்னு ஆறுதல் சொல்றது? (பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: அன்புத் தங்கச்சி, உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். நான் சுமோ பாக்க ஆரம்பிச்சதே அசாஷோரியுவாலதான், அதனால இந்தக் கேள்விக்கு நாலு வரில பதில் எழுத எனக்கு மனசு வரல, கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோ. உன் தம்பி சொல்றதுல பாதி நிஜம் இருக்கு, ஆனா மீதிப் பாதியை அவன் வசதியா விட்டுட்டான்.

அசாஷோரியுவோட நிஜப் பேரு டக்வடோர்ஜ். 1980ல உலான்பாத்தர்ல பிறந்தவர், மல்யுத்தக் குடும்பம், அப்பா அண்ணன் எல்லாருமே மல்யுத்தம். 1997ல ஸ்கூல் பையனா ஜப்பானுக்கு வந்தாரு, ஷிகோகு தீவுல கோச்சிங்கற மாகாணம் (நம்ம பக்கத்து கேரளா கொச்சி இல்ல), அங்க உள்ள மெய்தோகு கிஜுகு ஸ்கூல்ல மல்யுத்தத்துக்காக சேத்தாங்க. பதினாறு பதினேழு வயசு, பாஷை தெரியாது, மங்கோலியாவோட குளிருக்கும் புல்வெளிக்கும் பழகின பையன் கடலோரத்துல வந்து இறங்கறான். 1999 ஜனவரில சுமோவுல முதல் ஆட்டம்.

சுமோ ஹேயான்னா என்னன்னு உனக்குத் தெரியணும், அது தெரிஞ்சாதான் மத்தது புரியும். ஹேயாங்கறது பயிற்சிக்கூடமும் வீடும் சேந்தது, ஓயாகத்தான்னு ஒரு குரு, அவர் சம்சாரம், சின்னதும் பெருசுமா வீரர்கள், எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ. சின்னவங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்து வெறும் வயித்துல பயிற்சி, அப்புறம் பெருக்கறது, சமைக்கறது, பெரியவங்க குளிச்ச பிறகு குளிக்கறது, பெரியவங்க சாப்ட்ட பிறகு சட்டில மிச்சம் இருக்கற சாங்கோவை, அதாவது கறி காய் எல்லாம் போட்டுக் கொதிக்க வெச்ச குழம்பை, சாப்பிடறது. மேல ரெண்டு டிவிஷனுக்குப் போற வரைக்கும் மாசச் சம்பளமே கிடையாது. 1992ல முதன்முதலா ஒரு ஹேயாவுக்கு மங்கோலியாலேர்ந்து ஆறு பசங்களைக் கூட்டிட்டு வந்தாங்க, அதுல சில பேரு தாங்க முடியாம தூதரகத்துக்கே ஓடிட்டாங்க. அப்படிப்பட்ட இடத்துல இவர் ரெண்டே வருஷத்துல, 2001 ஜனவரில, மேல் டிவிஷனுக்கு வந்துட்டாரு. 2003 ஜனவரி முடிஞ்சதும் 68வது யோகோசுனா, மங்கோலியாலேர்ந்து வந்த முதல் யோகோசுனா. அதுதான் சுமோவோட உச்சப் பட்டம், அதுக்கு மேல போக எதுவும் இல்ல, கீழ எறக்கவும் மாட்டாங்க, முடியலேன்னா ரிட்டயர் ஆக வேண்டியதுதான்.

ஆடற அழகு இருக்கே, அதை எழுத்துல சொல்றது கஷ்டம். 200 கிலோவுக்கு மேல எடை உள்ளவங்க இருந்த காலத்துல இவர் அவ்ளோ கனம் இல்ல. ஆட்டத்துக்கு முன்னாடி களத்துல தூவற உப்பை கடைசித் தடவை எடுக்கப் போகும்போது கையை நல்லா வீசி இடுப்புல கட்டின மவாஷி மேல ஓங்கி ஒரு அறை அறைஞ்சுட்டு எதிராளியை முறைச்சுப் பாப்பாரு, அந்த சத்தத்துக்கே மொத்த அரங்கமும் எழுந்து கத்தும். மூணரை வருஷம், 2003 கடைசிலேர்ந்து 2007 மே வரைக்கும், வேற யோகோசுனாவே இல்லாம இவர் ஒருத்தரே தனியா தாங்கினாரு. 2005ல ஆறு பாஷோவும், அதாவது அந்த வருஷத்துல நடந்த ஆறு டோர்னமெண்ட்டும், இவர்தான் ஜெயிச்சாரு, அதுக்கு முன்னாடி யாருமே ஒரே வருஷத்துல அதைச் செஞ்சதில்ல. 90 ஆட்டத்துல 84 ஜெயிப்பு. நவம்பர்ல ஃபுகுவோகால பதினாலாம் நாள் கையோங்கற வீரரை ஜெயிச்சு அந்த ஆறாவதை உறுதி பண்ணப்போ அவ்ளோ முரட்டு ஆளு அங்கயே கண் கலங்கிட்டாரு. அந்தக் கண்ணீரைப் பாத்துட்டு இவரைக் கெட்டவர்னு சொல்ல எனக்கு இன்னிக்கும் வாய் வராது.

சரி, மீதிப் பாதிக்கு வரேன்.

2003 ஜூலை, உன் தம்பி இருக்கற அதே நகோயாவுல, தன் ஊர்க்காரரான கியோகுஷூசானோட ஆடும்போது அவர் குடுமியைப் பிடிச்சு இழுத்துட்டாருன்னு தோல்வி குடுத்துட்டாங்க, குடுமி இழுத்ததுக்காகத் தோத்த முதல் யோகோசுனா இவர்தான். கவனி, எதிர்ல நின்னது ஜப்பான்காரர் இல்ல, இன்னொரு மங்கோலியர். 2007 ஜூலைல அதே நகோயா பாஷோவை ஜெயிச்சுட்டு, அடிபட்டிருக்கு, ஊர் ஊரா போற கோடை டூருக்கு வர முடியாதுன்னு டாக்டர் சர்டிபிகேட் குடுத்துட்டு மங்கோலியா போயிட்டாரு, அங்க ஒரு நற்பணி ஃபுட்பால் மேட்ச்ல ஜப்பானோட பிரபல ஃபுட்பால் வீரர் நகாட்டாவோட சிரிச்சுக்கிட்டு ஓடி ஆடறது டிவில வந்துடுச்சு. ரெண்டு பாஷோ தடை, நாலு மாசம் 30 சதவீத சம்பளக் குறைப்பு. யோகோசுனாவுக்குத் தடை போட்டதும் அதுதான் முதல் தடவை. வீடு, ஹேயா, ஆஸ்பத்திரி தவிர வேற எங்கயும் போகக் கூடாதுன்னாங்க. கொஞ்ச நாள்லயே மனசு உடைஞ்சு போச்சு, டாக்டருங்க மனநலப் பாதிப்புன்னு சொல்லி, ஊருக்கே திரும்பிப் போய் சிகிச்சை எடுத்துட்டு நவம்பர் கடைசிலதான் வந்து மன்னிப்பு கேட்டாரு.

இந்த இடத்துல நான் அவர் பக்கம்தான் நிப்பேன். பொய் சொன்னது தப்பு, தண்டனையும் குடுக்கலாம், ஆனா ஒரு மனுஷனை மாசக்கணக்குல உள்ள உக்காத்தி வெச்சா அவன் எப்படி இருப்பான்? அவரோட ஓயாகத்தா பேச்சை அவர் கேக்கறதில்ல, ஓயாகத்தாவும் அடக்கறதில்லன்னு ஊரே பேசிச்சு, அந்த ஓயாகத்தாவுக்கும் சேத்து சம்பளத்தை வெட்டினாங்க. ஆனா சம்பளத்தை வெட்டினா ரெண்டு பேரும் உக்காந்து பேசிடுவாங்களா?

வெளிநாட்டுக்காரர்னு கண்ணு கூடுதலா மேல இருந்துச்சா? இருந்துச்சு, நான் மறைக்க மாட்டேன். அவருக்கு முன்னாடி ஹவாய்லேர்ந்து வந்த கோனிஷிகிக்கு, மூணு பாஷோ ஜெயிச்ச பிறகும் 1992ல யோகோசுனா குடுக்காம விட்டு, அது இனப்பாகுபாடுதான்னு பெரிய சண்டையே ஆச்சு. 2002லேர்ந்து ஒரு ஹேயாவுக்கு ஒரு வெளிநாட்டு வீரர்தான்னு கணக்கு வெச்சாங்க. ஜப்பான் குடியுரிமை எடுக்காம ஓயாகத்தா ஆகவே முடியாது. 2009ல அசாஷோரியு, ஹகுஹோங்கற இன்னொரு மங்கோலிய யோகோசுனாவை ஜெயிச்ச சந்தோஷத்துல ரெண்டு கையையும் மேல தூக்கினாருன்னு அதுக்கும் கண்டிச்சாங்க. ஜெயிச்சவன் தோத்தவன் முன்னாடி சந்தோஷத்தைக் காட்டக் கூடாதுங்கறது சுமோல எல்லாருக்கும் உள்ள விதிதான், ஆனா இவர் காட்டினப்போ சத்தம் கொஞ்சம் அதிகமாவே எழுந்துச்சுன்னு எனக்குத் தோணும்.

அதே சமயம் இதையும் உன் தம்பிகிட்ட சொல்லு. 1987 டிசம்பர்ல ஃபுதாஹகுரோன்னு ஒரு யோகோசுனா, சுத்த ஜப்பான்காரர், தன் ஓயாகத்தாவோட சண்டை போட்டுட்டு ஹேயாவை விட்டு வெளிய போனாரு, அதோட சுமோல அவர் வாழ்க்கை முடிஞ்சுது, ஒரு பாஷோ கூட ஜெயிக்காம. அவரை யாரும் ஊர்க்காரர்னு காப்பாத்தல. அங்க யோகோசுனாவுக்கு ரெண்டு கணக்கு பாப்பாங்க, ஒண்ணு ஜெயிப்பு, இன்னொண்ணு ஹின்காக்கு, அதாவது பண்பு, பெரியமனுஷத்தனம். முதல் கணக்குல எவ்ளோ மிச்சம் இருந்தாலும் அதை வெச்சு ரெண்டாவது கணக்கோட கடனைக் கட்ட முடியாது.

2010 ஜனவரி. அசாஷோரியுவுக்கு 13 ஜெயிப்பு 2 தோல்வி, 25வது கோப்பை. ஆனா அந்த பாஷோ நடந்துட்டு இருக்கும்போதே ஒரு ராத்திரி டோக்கியோல குடிச்சுட்டு ஒருத்தரை அடிச்சுட்டாருன்னு செய்தி வருது, அடிபட்டவர் தன் மேனேஜர்னு முதல்ல சொன்னாங்க, அப்புறம் பாத்தா அது வேற ஆளு. அதுக்குள்ள அந்த ஆளோட சமரசம் ஆயிடுச்சு, ஆனா சுமோ சங்கம் விடல. பிப்ரவரி 4ம் தேதி, 29 வயசுல, விலகறேன்னு சொல்லிட்டாரு. அக்டோபர்ல ரியோகோகு கொகுகிகான்ல குடுமி எடுக்கற சடங்கு. அதுல ஒவ்வொருத்தரா மேடை ஏறி பின்னாடி நின்னு கத்திரியால கொஞ்சம் கொஞ்சம் வெட்டுவாங்க, கடைசி வெட்டு ஓயாகத்தாவோடது. பேச்சு வார்த்தையே சரியா இல்லாத ரெண்டு பேரு, கடைசில அந்தக் கத்திரி அவர் கையிலதான்.

இப்ப சொல்லு, உன் தம்பி சொன்ன கதைல அந்த ராத்திரி இருந்துச்சா? பார்ட்டில தூக்கிப் போட்ட கிளாஸ் இருக்கற மாதிரியே அசாஷோரியு கதைல அந்த ராத்திரியும் இருக்கு, அவன் ரெண்டையும் விட்டுட்டு 25 கோப்பையை மட்டும் உனக்குக் காட்டறான். நாலு வருஷம் தனியா இருக்கறவனுக்கு, என்னை விரட்டறாங்கன்னு நினைக்கறது, நான் தப்பு பண்ணிட்டேன்னு ஒத்துக்கறதை விட லேசு. அதுக்காக அவனைத் திட்டாத, அது பயம்தான்.

நீ பண்ண வேண்டியது, அசாஷோரியுவைப் பத்தி அவனோட வாக்குவாதம் பண்ணாத. ஞாயித்துக்கிழமை போன் பண்ணு, வீடியோ கால், அவன் முகம் தெரியணும். அந்த சீனியர் அன்னிக்கு என்ன சொன்னாருன்னு மட்டும் கேளு, அவன் பேசி முடிக்கற வரைக்கும் நடுவுல பேசாத. அங்க அவன் சாப்பாட்டுக்குப் போற ஃப்ரெண்டு யாராவது இருக்காங்களா, குடிக்கறது கூடியிருக்கான்னு பாரு. சீனியர் நிஜமாவே அவமானப்படுத்திப் பேசியிருந்தா அதை தேதியோட எழுதி வெக்கச் சொல்லு, வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்குன்னே ஜப்பான் அரசாங்கத்துல ஆலோசனை சொல்ற இடங்கள் இருக்கு, இங்கிலீஷ்லயே பேசலாம், அங்க போகச் சொல்லு, பயப்படக் கூடாது. ஆனா கிளாஸுக்கு மட்டும் தனியா ஒரு மன்னிப்பு, அந்த சீனியர் முன்னாடி நேர்ல போய், தலை குனிஞ்சு, "ஆனா"ன்னு ஒரு வார்த்தை சேக்காம. லெட்டர் வந்த சூட்டோட போகணும், தள்ளிப் போடக் கூடாது.

அப்புறம் ஒண்ணு.  உன் தம்பிக்கு நீ தூரம்தான், ஆனா நீ லெட்டர் எழுதியிருக்க. அசாஷோரியுவோட அண்ணன் பையன் ஹோஷோரியு 2025 ஜனவரி பாஷோ முடிஞ்சு 74வது யோகோசுனா ஆயிட்டாரு, சித்தப்பாவைத் துரத்தின அதே சங்கம்தான் பட்டம் குடுத்துச்சு. இதைத் தம்பிகிட்ட சொல்லு. ஜூலைல நகோயா பாஷோ வரும்போது டிக்கெட் எடுத்துப் போய்ப் பாக்கச் சொல்லு, முடிஞ்சா அந்த சீனியரையும் கூட்டிட்டுப் போகச் சொல்லு. என்ன சொன்னான்னு எனக்கு எழுது.

அன்புடன் அக்கா