478 மார்க் வாங்கிய பெண்ணைக் காமர்ஸில் சேர்ப்பதா?

வணக்கம்.

சோமனூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பன்னிரண்டு தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மூத்த மகள் இந்த வருசம் பத்தாவதில் 478 எடுத்திருக்கிறாள். கணக்கில் 98, அறிவியலில் 94. ஆறாவதிலிருந்தே உள்ளூர் அரசு மேல்நிலைப் பள்ளிதான். ரிசல்ட் வந்த அன்றைக்கே ஈரோட்டிலிருந்து என் மச்சினன் போன் செய்தான். “மாமா, பாப்பாவ நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல போட்டுருங்க. ரெண்டே வருசம், டாக்டர் ஆக்கிப்போடலாம்” என்றான். அவன் பையன் அப்படிப் படித்துத்தான் இப்போது மெடிக்கல் காலேஜில் இருக்கிறான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. அடுத்த வாரமே இரண்டு பேரும் போய் ஒரு பள்ளியைப் பார்த்துவிட்டு, பயோ-மேத்ஸ் குரூப்புக்கு நீட் கோச்சிங்கும் சேர்த்து 25,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்தோம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, “பயோ-மேத்ஸ் எடுத்துக்க பாப்பா” என்றேன். “நான் காமர்ஸ் எடுக்கறனுங்கப்பா” என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அதையே சொன்னாள். அட்வான்ஸ் கட்டியது இன்னும் அவளுக்குத் தெரியாது.

கணக்குவழக்கில் அவள் கெட்டிதான். எட்டாவது படிக்கும்போதிருந்து எங்கள் பீஸ் நோட்டை, அதாவது நெய்து கொடுக்கிற துணி, கூலிக் கணக்கை, அவள்தான் எழுதுகிறாள். போன தை மாசம் வியாபாரி கொடுத்த கூலிச் சீட்டில் மூன்று பீஸ் விட்டுப்போயிருந்தது. நான் பார்த்துவிட்டு மடித்து வைத்த சீட்டை அவள்தான் எடுத்து நோட்டோடு வைத்துச் சரிபார்த்தாள். ஆனால் அதற்காக இவ்வளவு மார்க்கை வீணாக்குவதா? டீக்கடையில் ஒருத்தர் கேட்கிறார்: “ஏனுங்க, 478 வாங்கின புள்ளையவா காமர்ஸ்ல சேத்தறீங்க? அது முந்நூறு வாங்கினவன் எடுக்கறதுங்க.” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் ஒன்பதாவதோடு தறிக்கு வந்தவன். கூலி ஏற்றிக் கேட்டுத் தறியை நிறுத்துவது, அப்புறம் கடனுக்குப் பயந்து ஓட்டுவது என்று இருபத்தைந்து வருசம் போய்விட்டது. இந்தச் சத்தத்தில் அவள் கிடக்க வேண்டாம் என்றுதான் இத்தனையும்.

ஒரு நாள் பேச்சு முற்றிப்போய், “அப்படீன்னா நீ படிக்கவே வேண்டாம், தார் போடு போ” என்று கத்திவிட்டேன். (தார் போடுவது என்றால் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை.) மறுநாள் காலையில் ஆறு மணிக்குத் தறிக்குடோன் கதவைத் திறந்தால், அவள் தார் மிஷின் முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள். ஏழு மணி வரைக்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிட வருகிறாள். என் மனைவி, “அவ இஷ்டத்துக்கு உடுங்க” என்கிறாள். எங்கள் ஆத்தா, “பொட்டப்புள்ளைய எதுக்கு அத்தன தொலவு அனுப்போணும்” என்கிறார். தம்பியிடம் மட்டும், “சயின்ஸ் எடுத்தா ஹாஸ்டல்ல கொண்டுபோய் உட்டுருவாங்க” என்று சொன்னாளாம். அங்கே போனால் தன்னால் பழகிவிடும் என்கிறான் மச்சினன்.

அவள் மனசை எப்படி மாற்றுவது? சேர்க்கவில்லை என்றால் அந்த அட்வான்ஸ் திரும்ப வருமா, அதையும் சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம், சோமனூர் வட்டாரம்

பதில்

வணக்கம்.

மகளின் மனசை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மச்சினன் மனசு தெரிகிறது, டீக்கடைக்காரர் மனசு தெரிகிறது, ஆத்தா மனசுகூடத் தெரிகிறது. மகளின் மனசில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. என்ன குரூப் என்று வீட்டில் எல்லோரும் பேசியிருக்கிறீர்கள். ஏன் என்று யாரும் அவளைக் கேட்டதாகத் தெரியவில்லை.

முதலில் அந்தத் தார் மிஷின். பதினைந்து வயசுப் பிள்ளைக்கு அப்பாவோடு மல்லுக்கட்டிப் பேசி ஜெயிக்க முடியாது. அதனால் நீங்கள் சொன்னதை அப்படியே செய்து காட்டியிருக்கிறாள். அதைத் திமிர் என்று நீங்கள் எழுதவில்லை, அந்த ஒரு மணி நேரத்தை மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துத்தான் இந்த விஷயம் சரியாகும் என்று நம்புகிறேன். அவளிடம் போய், “அன்னைக்கு நான் சொன்னது தப்பு கண்ணு” என்று சொல்லுங்கள். அதற்குப் பின்னால் ‘ஆனா’ என்று ஆரம்பித்து எதையும் ஒட்டாதீர்கள். குரூப் பேச்சை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம்.

இப்படி எழுதினால், ‘உங்கள் நிறைவேறாத ஆசையை மகள் மேல் ஏற்றாதீர்கள்’ என்று அடுத்து நான் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. தறிச் சத்தத்திலிருந்து பிள்ளையை வெளியே அனுப்ப நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. இங்கே சிக்கல் வேறு. நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன ஒன்றை, தம்பியிடம் அவள் சொன்னதை, மறுபடி படித்துப் பாருங்கள்: சயின்ஸ் எடுத்தால் ஹாஸ்டல். நம் பக்கத்தில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நல்ல மார்க் என்றால் பயோ-மேத்ஸ், பயோ-மேத்ஸ் என்றால் நாமக்கல், நாமக்கல் என்றால் காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி வரை படிப்பு. பிராய்லர் பள்ளி என்று நாமே கேலி பேசிவிட்டு நாமே கொண்டுபோய் விடுகிறோம். உங்கள் மகள் காமர்ஸைத் தேடிப் போகிறாளா, ஹாஸ்டலுக்குப் பயந்து ஓடுகிறாளா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருவேளை அவளுக்கேகூடத் தெளிவாக இல்லாமல் இருக்கலாம். இந்த இரண்டு இழையையும் முதலில் பிரித்தாக வேண்டும்.

பிரிப்பதற்கு ஒரே வழிதான் உண்டு. “நீ எந்த குரூப் எடுத்தாலும் ஹாஸ்டல் கிடையாது, வீட்டிலிருந்துதான் படிக்கப்போகிறாய்” என்று முதலில் முடிவாகச் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு இரண்டு மூன்று நாள் சும்மா இருங்கள். அப்புறம் கேளுங்கள், இப்போது என்ன தோன்றுகிறது என்று. பதில் மாறினாலும் சரி, மாறாவிட்டாலும் சரி, அதுதான் அவளுடைய பதில்.

‘ஹாஸ்டலை விட்டால் டாக்டர் ஆசை என்னாவது’ என்று நினைப்பீர்கள். உங்கள் மச்சினன் இதைச் சொல்லாமல் விட்டது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் அது உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. உங்கள் மகள் ஐந்து வருசத்தை முடித்துவிட்டாள், பாக்கி இரண்டே வருசம். இந்த நேரத்தில் தனியார் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அந்த உரிமை அதோடு போயிற்று. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி முடியும்வரை மாசம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறதே, அதையும் பள்ளி மாற்றுவதற்கு முன்னால் விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கும் அரசுப் பள்ளியில் படித்திருப்பதுதான் அடிப்படை. லட்சக்கணக்கில் செலவழித்து, கையில் இருக்கிற சலுகையைத் தொலைக்கப் பார்த்திருக்கிறீர்கள். டி.சி. வாங்கிவிட்டீர்களா என்று எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

அரசுப் பள்ளியில் நீட்டுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. தலைமையாசிரியரைப் பார்த்து இலவசப் பயிற்சி வகுப்பு அருகில் எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். நீட்டுக்குப் பதினொன்றாம் வகுப்புப் பாடமும் சரிபாதி முக்கியம் என்பதையும் நினைவில் வையுங்கள். முன்பெல்லாம் பல தனியார் பள்ளிகள் அந்த வருசப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இரண்டு வருசமும் பன்னிரண்டாவது பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே எந்தப் பள்ளியானாலும், பதினொன்றாவது பாடத்தை முழுசாக நடத்துவீர்களா என்று கேட்காமல் விடாதீர்கள்.

குரூப் விஷயத்துக்கு வருகிறேன். பயோ-மேத்ஸ் என்பது டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் இரண்டு கதவையும் திறந்து வைப்பது. நீட்டில் மொத்தம் 720 மார்க், அதில் உயிரியல் மட்டும் 360, மீதி இயற்பியலும் வேதியியலும். கணிதத்துக்கு அங்கே ஒரு மார்க்கூட இல்லை. பொறியியல் கட்-ஆப் 200இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, உயிரியலுக்கு இடமில்லை. எது என்று முடிவு செய்யாதவர்கள் நான்கு கனமான பாடத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். சுமக்க முடிந்தால் நல்லதுதான்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன், உங்களுக்கு இது பிடிக்கும். அறிவியல் படித்தவர் பின்னால் ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. எழுதலாம், பி.காம். சேரலாம். காமர்ஸ் எடுத்தவர் திரும்பி வந்து மருத்துவமோ பொறியியலோ படிப்பது லேசில் நடக்காது. இது ஏறக்குறைய ஒருவழிப் பாதை. மகளிடம் இதைப் பயமுறுத்தலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். தெரிந்துகொண்டு அவள் காமர்ஸ் எடுத்தால் அது வேறு, தெரியாமல் எடுத்தால் வேறு.

மார்க் வீணாகும் என்கிறீர்கள். மார்க் என்ன மஞ்சள் மூட்டையா, விலை இருக்கும்போதே ஈரோட்டில் தள்ளிவிடவில்லை என்றால் நட்டம் என்பதற்கு? முந்நூறு வாங்கினவன் எடுப்பது என்று சொன்னவரிடம் சி.ஏ.வின் முதல் தேர்வான பவுண்டேஷனைப் பற்றிச் சொல்லுங்கள். நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40க்குக் குறையக்கூடாது, மொத்தத்தில் 400க்கு 200 வேண்டும், இரண்டு தாளில் தப்பான விடைக்கு மார்க் வெட்டுவார்கள். அதைத் தாண்டினால் இன்டர், பைனல், இரண்டு வருசம் ஆடிட்டரிடம் பயிற்சி. கணக்கில் 98 வாங்கிய பிள்ளை அங்கே வீணாகப் போகாது. ஒன்று மட்டும்: காமர்ஸ்தான் என்று முடிவானால், வணிகக் கணிதம் உள்ள குரூப் கிடைக்கிறதா என்று பாருங்கள். பல பள்ளிகளில் அந்த இடத்தில் கணினிப் பயன்பாடுகள் பாடம்தான் இருக்கும். பவுண்டேஷனில் ஒரு தாள் முழுக்கக் கணிதமும் புள்ளியியலும் தர்க்கமும்தான்.

முடிவெடுக்கும் முன்னால் ஒரு சின்ன சோதனை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகமும் கணக்குப்பதிவியல் புத்தகமும் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். இயற்பியலில் இரண்டாவது பாடத்திலேயே வெக்டரும் நுண்கணிதமும் வந்துவிடும். பத்தாவதில் 94 வாங்கிய அறிவியலுக்கும் இதற்கும் நிறைய தூரம். கணக்குப்பதிவியலில் வேறொரு வேடிக்கை இருக்கிறது. உங்கள் பீஸ் நோட்டில் பணம் வந்தால் அவள் ‘வரவு’ என்று எழுதுவாள். அந்தப் புத்தகத்தில் பணம் வந்தால் ரொக்கக் கணக்கில் ‘பற்று’. தலைகீழாகத் தெரியும். இரண்டு புத்தகத்தையும் வீட்டில் போட்டுவிட்டு, எதைப் பார்த்து மூடி வைக்கிறாள், எதைப் பார்த்து ‘இது ஏன் இப்படி?’ என்று யாரிடமாவது கேட்கிறாள் என்று கவனியுங்கள். பக்கத்தில் நின்று பரீட்சை வைக்காதீர்கள். சேர்ந்த பிறகும் முதல் சில வாரங்களில் குரூப் மாற்றப் பெரும்பாலும் விடுவார்கள், காலாண்டுத் தேர்வு நெருங்கினால் கஷ்டம். இன்னும் சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் அவளே பேசட்டும்.

மச்சினனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மகளை முன்னால் நிறுத்தாதீர்கள். “7.5 போயிரும் மாப்ள” என்றால் போதும்.

அட்வான்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரசீதிலும் நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்திலும் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. பள்ளி திறக்கும் முன்பே, சேர்க்கவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் மகளிடம் இந்த விஷயத்தைச் சொல்லி ரசீதை அவள் கையிலேயே கொடுங்கள். கோபப்படுவாள், படட்டும். மூன்று பீஸைப் பிடித்தவள், அந்தச் சின்ன எழுத்தையும் உட்கார்ந்து படித்துவிடுவாள்.