விக்கிப்பீடியாவில் நம் ஊர்த் தலைவர்கள்: வாசகர் கேள்வி பதில்

எங்கள் பகுதி முன்னாள் எம்.எல்.ஏ.வை ஊரே பட்டப்பெயர் சேர்த்துத்தான் சொல்லும். விக்கிப்பீடியாவில் வெறும் பெயர்தான் தலைப்பாக இருக்கிறது. மாற்றினால் மறுநாளே பழையபடி ஆக்கிவிடுகிறார்கள். ஏன்?
– வாசகர், தெப்பக்குளம்

தலைப்பில் பட்டம் சேர்ப்பதில்லை என்பது அங்குள்ள நடைமுறை. மு. கருணாநிதி என்பதுதான் கட்டுரையின் தலைப்பு. 'கலைஞர்' உள்ளே வரும். மாண்புமிகு, டாக்டர், அண்ணன், 'அவர்கள்' எதற்கும் தலைப்பில் இடமில்லை. சுவரொட்டியில் இருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள். நாளிதழும் நூலும் தொடர்ந்து எந்தப் பெயரை அச்சிடுகின்றன என்று பாருங்கள்.

பின்னொட்டு இல்லாமல் ஆளையே அடையாளம் தெரியாது என்றால் அது இருக்கலாம். 1939இல் மீனாட்சியம்மன் கோயில் ஆலயப் பிரவேசத்தை நடத்திய வைத்தியநாத ஐயரை 'ஐயர்' இல்லாமல் யாரும் தேடமாட்டார்கள். ஆனால் உயிரோடிருக்கும் ஒருவர் தாமே போட்டுக்கொள்ளாத சாதிப் பெயரை நாம் ஒட்டவே கூடாது.

மக்கள் சொல்லும் மற்ற பெயர்களுக்கு வழிமாற்று இருக்கிறது. வைத்தியநாத அய்யர், வைத்தியநாதய்யர், மதுரை வைத்தியநாத ஐயர் என்று எப்படித் தட்டினாலும் ஒரே கட்டுரைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம் தொடங்கி, #வழிமாற்று என்று எழுதி, சரியான தலைப்பை இரட்டைச் சதுர அடைப்புக்குள் கொடுத்தால் போதும். ஒருவரையே பி. டி. ராஜன், பொ. தி. இராசன் என்று இரண்டு விதமாக எழுதும் சிக்கலுக்கும் இதுவே வழி. உங்கள் தலைவரின் பட்டப்பெயரையும் இப்படிச் சேருங்கள், யாரும் எடுக்கமாட்டார்கள். முன்னெழுத்தின் புள்ளிக்குப் பிறகு ஓர் இடைவெளி விடுங்கள், 'மு.கருணாநிதி'யும் 'மு. கருணாநிதி'யும் கணினிக்கு இரண்டு வெவ்வேறு தலைப்புகள்.

தலைப்பு உண்மையிலேயே தவறாக இருந்தால்?
– வாசகர், திருநகர்

முதலில் கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் காரணத்தை எழுதி, சில நாள் பொறுங்கள். மறுப்பு வராவிட்டால் 'நகர்த்து' என்ற வசதியால் மாற்றுங்கள். புதிதாகக் கணக்கு தொடங்கியவருக்கு அது உடனே கிடைக்காது. அதற்காகப் பழைய கட்டுரையை நகலெடுத்துப் புதிய பக்கத்தில் ஒட்டிவிடாதீர்கள். அதுவரை எழுதியவர்களின் வரலாறு பழைய பக்கத்திலேயே தங்கிவிடும். யார் எதை எழுதினார் என்பது அறுந்துபோகும். விக்கிப்பீடியாவின் உரிமப்படி அந்த வரலாறு கட்டுரையோடு இருந்தாக வேண்டும். அனுபவமுள்ள பயனரிடம் கேட்டால் நகர்த்தித் தருவார்.

1952இல் மதுரை எம்.பி. என்று இரண்டு பேர் பெயர் இருக்கிறது. ஒன்றை நீக்கலாமா?
– வாசகர், மேலூர்

வேண்டாம், இரண்டும் சரி. அப்போது மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதி, எஸ். பாலசுப்பிரமணியமும் ப. கக்கனும் ஒரே தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார்கள். இந்த முறை 1961 சட்டத்தால் ஒழிந்தது. பழைய தலைவர்கள் கட்டுரையில் நல்ல எண்ணத்தோடு செய்யும் திருத்தமே பிழையாவது இப்படித்தான்.

கக்கனை 'தமிழ்நாடு உள்துறை அமைச்சர்' என்று எழுதுகிறார்கள். அவர் அமைச்சரவையில் இருந்தது 1967 வரை. மாநிலத்தின் பெயர் மாறியது 1969இல். ஆகவே சென்னை மாநிலம் என்றே எழுத வேண்டும். உத்தமபாளையத்தில் 1950இல் பிறந்தவருக்குப் பிறந்த மாவட்டம் மதுரை. 'இன்றைய தேனி மாவட்டம்' என்று அடைப்பில் சேருங்கள். சமயநல்லூர், சேடப்பட்டி சட்டமன்றத் தொகுதிகள் 2006 தேர்தலோடு முடிந்துவிட்டன. அங்கே வென்றவரைப் பக்கத்துத் தொகுதிக்கு மாற்றி எழுதாதீர்கள்.

வாக்கு வித்தியாசத்தைத் தேர்தல் ஆணையத்தின் அறிக்கையிலிருந்து மட்டும் எடுங்கள். எண்ணிக்கை நாளன்று வந்த செய்தியில் இருப்பது கடைசிச் சுற்றுக்கு முந்தைய எண்ணாக இருக்கலாம். வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிடவும் கூடாது. '75ஆவது வயதில் காலமானார்' என்றால் நிறைந்தது 74தான். ஓர் ஆண்டு பிசகிவிடும். ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டை மட்டும் போடுங்கள். 'பிறந்தார்', 'இறந்தார்' என்ற மரியாதையே போதும். 'இறைவனடி சேர்ந்தார்' இரங்கல் சுவரொட்டிக்கு உரியது.

தலைவர் மீதுள்ள வழக்குகளைச் சேர்க்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

சேர்க்கலாம், கவனமாக. நிலுவையில் இருக்கும் வழக்கு, குற்றப்பத்திரிகை, தண்டனை மூன்றும் வேறு வேறு. 'ஊழல் செய்தார்' என்று எழுதத் தீர்ப்பு வேண்டும். அதுவரை எந்த நீதிமன்றத்தில், எந்த ஆண்டில், என்ன குற்றச்சாட்டு என்பதோடு நில்லுங்கள். விடுதலையானால் அதையும் அதே பத்தியில் எழுதுவதுதான் நியாயம். உயிரோடிருப்பவரைப் பற்றிய ஆதாரமில்லாத குற்றச்சாட்டை யார் கண்டாலும் உடனே நீக்கலாம்.

வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26இல் வழக்கு, சொத்து, கல்வி எல்லாம் இருக்கும். ஆனால் அது வேட்பாளர் தம்மைப் பற்றித் தாமே சொல்வது; 'தம் பிரமாணப் பத்திரத்தின்படி' என்று சேர்த்தே எழுதுங்கள். தந்தை பெயரையும் சரிபாருங்கள். 2024இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். பெயரை மட்டும் பார்த்து எடுத்தால் ஒருவர் சொத்து இன்னொருவர் கட்டுரையில் ஏறிவிடும்.

நான் கட்சியின் ஐ.டி. பிரிவில் இருக்கிறேன். எங்கள் தலைவர் கட்டுரையை நானே எழுதலாமா? படம் போடலாமா?
– வாசகர், ஒத்தக்கடை

சம்பளம் வாங்கி எழுதினால், யாருக்காக என்பதை உங்கள் பயனர் பக்கம் போன்ற இடத்தில் அறிவித்தே ஆக வேண்டும். அது பயன்பாட்டு விதி. சம்பளம் இல்லையென்றாலும் தொடர்பைச் சொல்லிவிட்டு, வேண்டிய மாற்றத்தை ஆதாரத்தோடு உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். 'பேச்சில் வல்லவர், ஏழைகளின் தோழர்' போன்ற வரிகள் எந்தக் கட்சிக்காரர் எழுதினாலும் நிற்காது. அவர் கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயர், ஆண்டு, அதைச் சொல்லும் நாளிதழின் தேதி மூன்றையும் கொடுத்தால் அந்த வரி நிற்கும்.

படம் நீங்களே கூட்டத்தில் எடுத்ததாக இருக்கட்டும். வணிகத்துக்கும் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். கட்சிப் பக்கத்திலிருந்தோ ஃபிளக்ஸிலிருந்தோ எடுத்தது காப்புரிமைச் சிக்கலில் நீக்கப்படும்.